கதவுக்கு இரண்டு பக்கமும் சோறு

உள் அறைக் கதவைப் பார்த்து வீரா வாலாட்டிக்கொண்டிருந்தான்.

ஜெனிபர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பேர்தான் வீரா, குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கடியில் ஒளிவான், காற்றில் ஆடும் கொடித்துணியைப் பார்த்து நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போவான். சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் காது கிழிந்து கிடந்தவனை அவள்தான் தூக்கி வந்து வளர்த்தாள். மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு மாற்றல் வந்தபோது, நாயோடு வரும் தனிப்பெண்ணுக்கு வீடு கொடுக்க யாரும் தயாராக இல்லை. கடைசியில் சென்னம்மாள்தான் மிளகுத் தோட்டத்துக்கு நடுவே இருந்த இந்த ஓட்டு வீட்டை வாடகைக்கு விட்டாள், ஒரு நிபந்தனையோடு.

“உள்ரூம்புல சாமை மூட்டை கெடக்குதுங்க அம்மணி. அதுக்குக் காவலே அந்த ரெண்டு பூனைங்கதான். உங்க நாய் அதுகளைத் தொரத்துச்சுன்னா, நாயைக் கீழ கொண்டு போயி உட்ருங்க. இப்பவே சொல்லிப்போட்டேன்.”

கீழே என்றால் திரும்ப அதே பஸ் ஸ்டாண்ட். அன்றைக்கே கால்நடை டாக்டர் மணிவண்ணனுக்கு போன் போட்டாள்.

“மூஞ்சிக்கு மூஞ்சி காட்டிடாதீங்க மேடம். முதல்ல வாசனை பழகட்டும். பூனை படுத்த துணியை இவன் தட்டுக்கு அடியில போடுங்க, இவன் துணியை அந்தப் பக்கம் போடுங்க. கதவுக்கு ரெண்டு பக்கமும் சோறு. தினம் தட்டைக் கொஞ்சம் கதவுகிட்ட நகர்த்துங்க. அப்புறம் கதவை ஒரு விரல் திறங்க. அவசரப்படக் கூடாது. பழக்குறோம்னு அதுக்குத் தெரியவே கூடாது.”

சொன்னதைச் சொன்னபடி செய்தாள். வந்த அன்று இரண்டு வால்கள் அந்த அறைக்குள் ஓடி மறைந்ததைப் பார்த்ததுதான். பூனைகள் அதன்பின் கண்ணிலேயே படவில்லை. கதவை லேசாகத் திறந்து, இருட்டுக்குள் கருவாட்டுச் சோற்றைத் தள்ளிவிட்டு, கையில் அகப்பட்ட துணியை உருவிக்கொண்டு சாத்திவிடுவாள். அந்தத் துணியில் நனைந்த சாக்கும் கிளறிய மண்ணும், அதற்கெல்லாம் அடியில் பழைய ரத்தம் போல ஏதோ ஒன்றும் நாறின. முதல் நாள் வீரா நடுங்கினான், அவள் வாந்தியே எடுத்தாள். மழைக்காலம், உள்ளே எலி செத்துக் கிடக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். காலையில் தட்டு கழுவி வைத்த மாதிரி இருக்கும், கருவேப்பிலைகூட மிச்சமில்லாமல். பூனை கருவேப்பிலை தின்னுமா என்று ஒருமுறை தோன்றியது. ஆபீசுக்கு நேரமாகிவிட்டதால் அதோடு விட்டுவிட்டாள்.

வீராவுக்குத் துணையாக அவளும் கதவோரம் உட்கார்ந்தே சாப்பிட்டாள். நாக்கைத் தட்டித் தட்டி, “ச்சு ச்சு ச்சு... வாடா தங்கம், ஒண்ணும் பண்ணாது” என்று கூப்பிடுவாள். அவனும் ஒவ்வொரு அடியாக நெருங்கினான். இப்போது கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அதற்கு மேல் திறக்காதபடி கயிற்றால் ஆணியில் கட்டியிருந்தாள்.

மூடுபனி ஜன்னல் வழியே வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட அந்திப் பொழுது அது. கரண்ட் போயிருந்தது. ஓட்டில் மழை சொட்டும் சத்தமும், வீராவின் வால் தரையில் பட்டுப் பட்டு எழும் சத்தமும் மட்டும் கேட்டன. நல்ல சேதியைச் சொல்லிவிடலாம் என்று அவள் சென்னம்மாளுக்கு போன் செய்தாள்.

“அக்கா, இனி நாயைக் கீழ விட வேண்டியதில்லை. பூனைங்களோட நல்லாப் பழகிட்டான்.”

“எந்தப் பூனைங்க அம்மணி?”

“நம்ம பூனைங்கதான். உள் ரூம்ல இருக்கிற...”

“ஏனுங்க, நீங்க வந்த அன்னிக்கே ரெண்டும் ஓட்டுச் சந்துல ஏறி எங்க ஊட்டுக்கு வந்துருச்சுங்களே. அடுப்படிய உட்டு நகரவே மாட்டேங்குதுங்க. இதா, கேளுங்க.”

போனுக்குள் ஒரு பூனை மியாவ் என்றது. பிறகு டவர் போய்விட்டது.

ஜெனிபர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அந்த அறையின் சத்தம் கேட்கும் என்று பயந்தாள்.

தினமும் சோறு வைத்தாளே. தின்றது எது?

நேற்றுச் சாப்பிட்டு எழுந்தபோது அவள் தட்டுக்கு அடியில் ஈரத்துணி ஒன்று கிடந்தது. வீரா இழுத்து வந்திருப்பான் என்று நினைத்தாள். அதற்கு முன் ஒருநாள் காலையில் தலையணைக்கு அடியிலும் ஒன்று. அந்த இரவு அவள் நன்றாகத் தூங்கியிருந்தாள். கொடியில் காய்ந்த துப்பட்டாவைக் காணோம். அவளுடைய எவர்சில்வர் தட்டையும் இன்று காணோம்.

துணி இந்தப் பக்கம். துணி அந்தப் பக்கம்.

அந்த நாற்றம் வந்து குமட்டி எத்தனை நாளாயிற்று? நினைவில்லை. இப்போதும் வீடு முழுக்க அதேதான் நிறைந்திருந்தது. அவளுக்குக் குமட்டவில்லை.

பழக்குறோம்னு அதுக்குத் தெரியவே கூடாது.

ஓடிவிட வேண்டும். செம்மேடு வரை நடந்தாவது போய்விட வேண்டும். ஆனால் வீராவை விட்டுவிட்டு எப்படிப் போவாள்? அவனை விடக் கூடாது என்றுதானே இத்தனையும். போனில் டார்ச்சைப் போட்டாள். வெளிச்சம் சுவரெல்லாம் அலைந்து கதவில் போய் நின்றது.

கயிறு அறுபடவில்லை. முடிச்சை அவிழ்த்து, அழகாகச் சுருட்டி, ஆணியில் மாட்டியிருந்தது.

கதவு பாதி திறந்திருந்தது. வீரா படுத்திருந்த இடம் காலி.

“வீரா.”

உள்ளே வால் தரையில் தட்டும் சத்தம். டப். டப். டப். இத்தனை நாளில் அவன் இவ்வளவு நிம்மதியாக வாலாட்டி அவள் கேட்டதில்லை.

“வீரா, வந்துடுடா.”

வரவில்லை.

இருட்டிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்று தரையை உரசிக்கொண்டு வெளியே வந்தது. அவளுடைய தட்டு. அடியில் அவளுடைய துப்பட்டா, நனைந்து கறுத்து. தட்டில் இருந்தது என்னவென்று தெரியவில்லை. ஆவி பறந்தது. எதுவோ அதை அறையின் நிலைப்படி வரை தள்ளியது. பொறுமையாகக் காத்திருந்தது. இன்னும் ஒரு சாண் தள்ளியது. பிறகு பின்வாங்கிக்கொண்டது, முகத்தைக் காட்டாமல்.

வீட்டு வாசல் அவளுக்குப் பின்னால்தான் இருந்தது. அவள் கால் முன்னால் நகர்ந்தது.

பசித்தது.

“ச்சு ச்சு ச்சு” என்றது இருட்டு.

வீரா உள்ளேதான் இருந்தான். கூப்பிட்டது அவளை.