உதட்டில் யார் வைத்த ஈரம்

ஒப்பரேசன் முடிந்து கண் விழித்தபோது நிஸ்தாருக்கு முதலில் தெரிந்தது வயிற்று நோவு அல்ல, தாகம். சாதாரணத் தாகமா அது? உன்னிச்சைக் குளத்தை அப்படியே தூக்கி வாயில் கவிழ்த்தாலும் "இன்னும் கொஞ்சம் இரிக்கா?" என்று கேட்கிற தாகம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. அதைப் பிரித்தெடுத்தபோது பழைய சாக்கைக் கிழிக்கிற சத்தம் தன் காதுக்கே கேட்டதென்று அவர் சத்தியம் பண்ணியிருப்பார். பல் வறண்டு, ஈறு வறண்டு, தொண்டைக்குள் யாரோ கடற்கரை மணலைக் கொட்டி மேலே நடந்து பார்த்தது போல எல்லாம் வறண்டு கிடக்க, ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை.

உதடு ஈரமாக இருந்தது.

வேறொருவராக இருந்தால் இதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். நிஸ்தார் அப்படியில்லை. காத்தான்குடியில் சர்பத் கடை வைத்திருக்கிற அவர், பால்காரன் கொண்டுவரும் பாலை மோந்து பார்த்தே அதில் கலந்தது கிணற்றுத் தண்ணீரா, வாவித் தண்ணீரா என்று சொல்லிவிடுவார். ஐஸ் கட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்து, உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று தேடுவார். தன் நிழல் பின்னால் வந்தால் நின்று, அதை முன்னால் போகவிட்டுத்தான் நடப்பார் என்று ஊரில் ஒரு பேச்சு. கொஞ்சம்தான் மிகைப்படுத்திய பேச்சு.

ஆகவே அவர் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தார். வாவிக் கரையில் இருக்கிற தனியார் ஆசுப்பத்திரி, மேல்மாடி அறை. உச்சி வெயில் ஜன்னலில் வெள்ளையாகப் பழுத்து நின்றது. காற்றாடி ஒரு சுற்றுக்கு ஒருதரம் 'டிக்' என்றது. டெற்றோல் மணத்துக்கு அடியில் வாவிச் சேற்றின் மணம். மூக்கில் ஒரு குழாய், கையில் சேலைன் ஊசி. பக்கத்தில் ஒரு வெற்றுக் கதிரை.

அறையில் ஒரு குருவி கூட இல்லை.

நாக்கின் நுனியை மெல்ல நீட்டி உதட்டைத் தொட்டார். ஈரம் குளிரவில்லை. வாயிலிருந்து வாய்க்கு மாறிய மாதிரி ஒரு வெதுவெதுப்பு. அதோடு, இனிப்பு.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த தாதி ஓட்றி மிஸ் அவர் விழித்திருப்பதைக் கண்டு கையைத் தட்டினாள். பறங்கிப் பெண்மணி; அண்ணன் முறையில் எல்லாரையும் 'நானா' என்பாள். அவள் சிரித்தால் கீழ் மாடி நோயாளிகளுக்கும் பாதி நோய் பறந்துவிடும்.

"ஆஹா, நானா எழும்பிட்டார்! குடல் முறுக்கைக் கழட்டியாச்சு. இனி அந்தக் குடல் பேசோணும். டொக்டர் வயித்தில குழாய வச்சுக் கேப்பார். குடல் சத்தம் வாறவரைக்கும் ஒரு மிடறு உள்ள போனாலும் தையல் தாங்காது, உசிருக்கு ஆபத்து. விளங்கினதா?"

"மிஸ்... உதட்ட நனைச்ச நீங்களா?"

"இல்லயே. இப்பதானே அதுக்கு வாறன்." கையிலிருந்த எனாமல் கிண்ணத்தைக் காட்டினாள். ஐஸ் தண்ணீர், அதில் மடித்த கோஸ் துணி. "இதால ஒத்தி ஒத்தி வைப்பம். வாய் காயாது. தண்ணி குடிச்ச மாதிரி மனம் ஏமாந்து போகும்."

"அப்ப ஆரு நனைச்ச?"

"ஆரும் வரல்ல, நானா. உங்கட மனிசி கீழ நிக்கிறா. இப்பதான் மேல வரச் சொன்ன."

நிஸ்தாரின் மூளைக்குள் சந்தேகம் பாய் விரித்து உட்கார்ந்தது.

மனைவி ஸஹீதா வந்தாள். கண் சிவந்து, முந்தானை கசங்கி, கையில் பெரிய பை. பைக்குள் என்ன என்று அவர் கேட்ட கேள்விக்கு ஒரு பொலிஸ்காரன் வெட்கப்பட்டிருப்பான். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள்: சாரம், துவாய், தொழுகை விரிப்பான முசல்லா. கடைசியில் ஒரு சின்ன போத்தல்.

மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீர்.

இங்கேதான் ஒரு விசயம் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஊரில் ஒருவர் ஸக்கராத்தில், அதாவது உயிர் பிரிகிற இழுபறியில் கிடந்தால், சொந்தக்காரர் பஞ்சை ஸம்ஸத்தில் நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் மனிதனுக்கு வருகிற தாகத்துக்கு ஏழு கடலும் ஒரு மிடறு. அந்தத் தாகம் பார்த்து செய்த்தான் ஒரு கோப்பைத் தண்ணீரோடு கட்டில் பக்கத்தில் வந்து நிற்பான். பிரியமானவர்களின் முகத்தைப் போட்டுக்கொண்டு வருவானாம்; வாங்கிக் குடித்தால் ஈமான், அதாவது விசுவாசம், அவனுக்குப் போய்விடும். கண் அந்தக் கோப்பைக்குப் போகாமல் இருக்கத்தான் இந்தப் பஞ்சு. சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சு, நிஸ்தாரின் எலும்புக்குள் ஊறிக் கிடந்தது.

"நான் மவுத்தாகப் போறன் எண்டு டொக்டர் சொல்லிட்டாரா?"

"அல்லாஹ்வே! என்ன பேச்சு இது? சுகமாக வேணும் எண்டுதான் கொண்டுவந்த. மூடி உடைக்கல்ல, பாருங்க."

"சர்பத் கடைக்காரனுக்கு மூடி காட்டுறா! உடைச்ச மூடிய ஒட்டத் தெரியாதா எனக்கு?"

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதுதானே." ஸஹீதா மூக்கை உறிஞ்சினாள். "வயித்த வெட்டியும் அந்தச் சந்தேகப் புத்திய வெட்டி எறியல்லயே இந்த டொக்டர்."

ஓட்றி மிஸ் சிரித்துக்கொண்டு கோஸைப் பிழிந்து அவர் உதட்டருகே கொண்டுவந்தாள். குளிர்ந்த, மருந்துமணம் கலந்த, நேர்மையான தண்ணீர். அதன் ஆவியே முகத்தில் பட்டது. உடம்பின் ஒவ்வொரு மயிர்க்காலும் எழுந்து நின்று 'தா, தா' என்றது. ஆனால் அவருக்குள்ளே ஒரு குரல் கேட்டது: இவர்கள் எல்லாரும் கூட்டு. சாகிறவனுக்குச் செய்வதைத்தான் செய்கிறார்கள். வாயைத் திறந்தால் ஒத்துக்கொண்டதாகிவிடும்.

நிஸ்தார் வாயை இறுக்கி மூடினார். ஆமை தலையை இழுப்பது போல இரண்டு உதட்டையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வேணாமெண்டா பலவந்தமில்ல," என்றாள் ஓட்றி மிஸ். சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. "ஆனா காயவிட்டா தாகம் ஏறும், நானா. ஏறிச்செண்டா மனிசன் கையில கிடைக்கிற எதையும் குடிப்பான். அதுதான் எனக்குப் பயம்."

கிண்ணத்தைக் கட்டிலருகே மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

பின்னேரம் மெல்ல ஊர்ந்தது. காற்றாடியின் 'டிக்', கீழே மதிலில் வாவித் தண்ணீர் வந்து முட்டுகிற 'சளப்', சேலைன் சொட்டு சத்தமில்லாமல் விழுவது. சத்தமில்லாவிட்டாலும் அவருக்கு அது கேட்டது, ஒவ்வொரு சொட்டும் பாறையில் விழுகிற அருவியாக. எங்கோ ஒரு குழாய் திறந்தார்கள். எங்கோ யாரோ தேநீர் ஆற்றினார்கள். மட்டக்களப்பு முழுவதும் அன்று தண்ணீரைத் தவிர வேறு வேலை பார்க்கவில்லை போலிருந்தது.

கண் அயர்ந்தார் போல. திடீரென்று கரண்டி கிளாசில் முட்டுகிற சத்தம். கலக்குகிற சத்தம். நாள் முழுக்கத் தானே எழுப்புகிற, தன் கடைச் சத்தம்.

விழித்தார். ரோசாப்பூ எசன்சின் மணம் அறையில் தங்கி நின்றது. உதடு ஈரம். இந்தமுறை உதடு மட்டுமில்லை, நாக்கின் நுனியும். தாடையில் வடிந்து கழுத்துவரை ஒரு பிசுபிசுப்பு. தாகம் குறைந்திருக்க வேண்டுமே? இரண்டு மடங்காகியிருந்தது.

ஸஹீதா கதிரையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"கையக் காட்டு."

"என்ன?"

"ரெண்டு கையயும் காட்டு, புள்ள."

காட்டினாள். காய்ந்த கை. மோந்து பார்த்தார். வெங்காய மணம், வேறொன்றுமில்லை.

"ஆரு வந்து போன?"

"ஆரும் வரல்ல. நான் இந்தக் கதிரய விட்டு எழும்பவேயில்ல." தஸ்பீஹை மடியில் வைத்தாள். "இஞ்சாருங்க, அந்தத் துணிய வைக்கட்டா? உதடு வெடிச்சு ரத்தம் வருது."

"உதடு ஈரமாத்தானே இரிக்கு!"

ஸஹீதா அவரையே பார்த்தாள்.

பின்னேரத் தொழுகைக்கான அசறு பாங்கு வாவிக்கு மேலாக மிதந்து வந்தது. அவள் கைகால் கழுவி ஒழு எடுத்துவிட்டு வந்து, ஜன்னலுக்கு நேரே முசல்லாவை விரித்து, அவருக்கு முதுகு காட்டித் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினாள். ஜன்னலுக்கு அப்பால் வாவி ஈயத் தகடாக மின்னியது. அந்த வெள்ளை முக்காட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கண்ணை மூடக் கூடாது. மூடக் கூடாது. ஒருதரம் இமைத்தார். அவ்வளவுதான்.

ஸஹீதா கட்டிலருகே நின்றாள்.

கையில் நீளக் கிளாஸ். வெளியே முத்து முத்தாக வியர்த்திருந்தது. ரோசா நிறச் சர்பத், மேலே ஐஸ்.

"தொழுது முடிச்சிட்டியா?"

"ஓம். குடிங்க. டொக்டர் குடிக்கச் சொல்லிட்டாரு."

"குடல் பேசிட்டாமா?"

"பேசிட்டாம்."

நிஸ்தாரின் கை தானாக நீண்டது. பாதி வழியில் நின்றது. என் வயிற்றில் யாரும் குழாய் வைத்துக் கேட்கவில்லையே! சந்தேகம் அவருக்கு ஆயுளில் செய்த பெரிய உதவி அதுதான். கிளாசைக் கூர்ந்து பார்த்தார். சர்பத்தில் போடுகிற கறுத்தக் கசகசா விதைகள் ஏறி இறங்க வேண்டும். இவை அசையவில்லை. கறுப்புப் பொட்டு ஒவ்வொன்றும் ஒரு கண்ணாக, கிளாஸ் நிறைய, அவரையே பார்த்தன.

"வேணாம்."

"குடிங்க."

"வேணாம் எண்டா வேணாம்!"

மனதுக்குள் கலிமா ஓடியது. அவள் இமைக்கவில்லை. கதவை நோக்கி நடந்தாள். நடந்தது உடம்பு. முகம் மட்டும் இவர் பக்கமே இருந்தது. கதவு மூடும்வரை.

பிறகு கதவு திறந்தது. ஸஹீதா ஓடி வந்தாள், கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்ன சத்தம் போட்ட நீங்க? ஆரோட பேசின?"

"கிட்ட வராத! நீ ஆரு?"

"நல்ல கேள்வி! இத்தின வருசமும் உங்கட ஏச்சக் கேட்டுக் குப்ப கொட்டினவள்." மேசையிலிருந்த எனாமல் கிண்ணத்தை எடுத்தாள். "சர்பத்தெல்லாம் ஆரும் தரல்ல. இந்தத் துணியத்தான் வைக்கப்போறன். வாயத் திறங்க."

உள்ளமெல்லாம் அவள்பக்கம் சாய்ந்தது. இருந்தும் நிஸ்தார் நிஸ்தார்தான். ஒரு கேள்வி வைத்தார்.

"கடைச் சர்பத்துல நான் ஆருக்கும் சொல்லாமப் போடுறது என்ன?"

ஸஹீதா அழுகைக்கு நடுவில் சிரித்தாள். "உப்பு. ஒரு கிள்ளு. குடிச்சவன் இன்னொரு கிளாஸ் கேக்கட்டும் எண்டு. கள்ளன்!"

சரிதான்! உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த ரகசியம். நிஸ்தாரின் நெஞ்சு பூரித்துப் போனது. செய்த்தானையே கதவால் அனுப்பியவன் நான்! மத்தியானத்திலிருந்து மூடி வைத்திருந்த வாயை ஆவென்று திறந்தார்.

நனைந்த துணி நாக்கில் பட்டது.

வெதுவெதுப்பு.

இனிப்பு. இனிப்புக்குக் கீழே உப்பு.

வாயை மூடப் பார்த்தார். முடியவில்லை. துணி உள்ளே போனது. மடித்த சின்னத் துணிதானே, முடிந்துவிடும் என்று நினைத்தார். முடியவில்லை. காத்தான்குடித் தறியில் பாவு நூல் ஓடுவது போல விரல் விரலாக, முழம் முழமாக, ஈரமாக. கிண்ணத்திலிருந்து எழும்பி, பல்லைத் தாண்டி, தொண்டையில் இறங்கி. தொண்டை அதை வேண்டாமென்று தள்ளவில்லை. விழுங்கியது. ஆசையோடு விழுங்கியது. ஒவ்வொரு மிடறுக்கும் தாகம் கூடியது.

அவள் தோளுக்கு மேலால் ஜன்னல் தெரிந்தது.

அங்கே முசல்லாவில் ஸஹீதா சுஜூதில் கிடந்தாள். இன்னும் எழும்பவில்லை. நெற்றியை நிலத்தில் வைத்து அவருக்காக அழுதுகொண்டிருந்தாள்.

ஸஹீதா!

சத்தம் வரவில்லை. வாய் நிறையத் துணி.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நிஸ்தார் பார்த்துக்கொண்டேயிருந்தார். தொழுகை முடிக்கிற ஸலாம் கொடுக்கத் திரும்புவாள். திரும்பினால் காண்பாள். கண்டால் போதும். வலப்பக்கம் திரும்பினாள். சுவர். இடப்பக்கம் திரும்பினாள். கண் கட்டிலில் விழுந்தது.

அவளுடைய முகம் மலர்ந்தது.

எழுந்து மெல்லக் கால் வைத்து வந்தாள். அவள் வந்து நின்ற இடத்தில் ஏற்கெனவே ஸஹீதா நின்றாள். இரண்டு முக்காடும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தன. ஒரு கை அவர் நெற்றியைத் தடவியது. இன்னொரு கை துணியைத் தள்ளியது.

கதவில் ஓட்றி மிஸ்ஸின் தலை தெரிந்தது. "எப்பிடி?"

"நல்ல நித்திர, மிஸ். மூச்சும் சீரா இரிக்கு."

ஓட்றி மிஸ் குனிந்து பார்த்தாள். அவளுடைய சிரிப்பு முழுதாகத் திரும்பி வந்தது.

"பாருங்களன், உதடு எவ்வளவு ஈரமா இரிக்கு! வாய் ஊறத் தொடங்கிட்டு. இனி நாம நனைக்கத் தேவையில்ல. வாங்க, தேத்தண்ணி ஒண்டு குடிப்பம். பாவம், தூங்கட்டும்."

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார்கள். இரண்டு பேரின் காலடிகளும் தேய்ந்தன. திரைக்கு உள்ளே, அடுத்த முழத்தைக் கிண்ணத்தில் நனைத்து எடுத்தாள் ஸஹீதா.