கடைசியாக வருபவள்

முருகானந்தம் ஃபெமினாவுக்கு மட்டும் டீ கொடுக்கவில்லை.

உப்பிலியபுரம் கடைத்தெருவில், சின்ன வெங்காய மூட்டைகளின் வாடையும் உரக்கடையின் நெடியும் முட்டிக்கொள்ளும் மூலையில் இருந்தது அவருடைய கடை. திருச்சியிலிருந்து வேனில் வந்து இறங்கியிருந்த கூட்டத்துக்கு அவர் தட்டு நிறைய டம்ளர்களோடு வந்து, ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, சர்க்கரை போதுமா என்றுகூட விசாரித்துக் கொடுத்தார். ஃபெமினாவின் முறை வந்தபோது, வழியில் தூண் இருந்தால் எப்படிச் சுற்றிப் போவாரோ அப்படிச் சுற்றிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

பெனடிக்ட் அதைப் பார்த்தான். மறதி என்று எடுத்துக்கொண்டு, தன் டம்ளரைத் தங்கையிடம் நீட்டினான்.

"இறங்கினதுலேருந்தே இப்படித்தாண்ணா," என்றாள் ஃபெமினா. "உரக்கடைல பாத்ரூம் எங்கன்னு கேட்டேன். என் தலைக்கு மேல பாத்துட்டு உள்ள போயிட்டாரு."

"உன் மூஞ்சி அப்படி," என்றான் பெனடிக்ட். அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் கண் என்னவோ முருகானந்தத்தின் முதுகிலேயே நின்றது.

பெனடிக்ட் வரலாறு படித்தவன். படித்த வரலாற்றை வைத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தராததால், ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்து, வழியெல்லாம் அதைப் பேசி விற்க ஆரம்பித்தான். ஸ்ரீரங்கத்தில் தூணுக்கு ஒரு கைடு இருந்தார். மலைக்கோட்டையில் படிக்கு ஒருவர். போட்டியே இல்லாத ஊராகத் தேடி உப்பிலியபுரத்தைப் பிடித்தான். போட்டி இல்லாததற்குக் காரணம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. சந்தை, வெங்காயப் பட்டறை, மாடு கட்டிக் கமலை இறைத்த பழைய கிணறு என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சுற்றிக் காட்டினான். வந்தவர்களில் ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினார்: 'வயல் இருக்கிறது. வயல் மட்டும்தான் இருக்கிறது.'

அதன் பிறகுதான் பெனடிக்ட் ஊருக்கு ஒரு பேயைக் கொடுத்தான்.

அண்ணனும் தங்கையும் வரப்பில் நடந்து போகிறார்கள். அண்ணன் முன்னால், தங்கை கடைசியாக. வந்துட்டியா என்று அவன் கேட்கக் கேட்க, வந்தாச்சு, வந்தாச்சு என்று அவள் பதில் சொல்கிறாள். அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கிணற்றடிக்கு வந்து திரும்பினால் குரல் மட்டும்தான் வந்திருக்கிறது. கதை நம்பும்படி இருக்கவேண்டும் என்று பச்சைத் துணி உடுத்தியிருந்தாள் என்றும், இடது காலை லேசாக இழுத்து நடப்பாள் என்றும் சேர்த்தான். அந்தக் கால் ஃபெமினாவுடையது. ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததில் வந்தது. பச்சை அவளுக்குப் பிடித்த நிறம். முதல் முறை கூட்டத்தின் வாலில் நின்று அதைக் கேட்டவள், வேனில் ஏறும்போது, "என் காலைக்கூட வித்துட்டியாண்ணா," என்றாள். நட்சத்திரங்கள் ஐந்தாக மாறின.

வாலில் நிற்பதுதான் அவள் வேலை. வரிசையாக நடக்கும்போது வழிகாட்டி திரும்பித் திரும்பிப் பார்த்தால் கூட்டத்துக்குப் பயம் வந்துவிடும், அதனால் அவன் முன்னால் பார்த்தபடியே "எல்லாரும் வந்தாச்சா?" என்பான். கடைசி ஆள் "வந்தாச்சுண்ணா" என்பாள். அதற்குப் பிறகே அடுத்த அடி. அவளை அனுப்பும்போதெல்லாம் அம்மா இருதயமேரி வாசல்வரை வந்து, இருட்டுவதற்குள் கூட்டி வந்துவிடு, கால் சரியில்லாத பிள்ளை என்று சொல்லாமல் விட்டதில்லை. இன்றும் சொன்னார். சரிம்மா என்று இவனும் செருப்பைத் தேடியபடி சொல்லி வைத்தான்.

போன மாதம் வரப்பின் முனையில் யாரோ ஒரு கல்லை நட்டிருந்தார்கள். மஞ்சள் பூசி, பச்சைத் துணி சுற்றியிருந்தது. பெனடிக்ட் அதைப் பெருமையாகப் படமெடுத்துப் போட்டுக்கொண்டான். பொய்க்குச் சாட்சியாக ஒரு கல் கிடைப்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

டம்ளர்களைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் முருகானந்தத்திடம் போனான்.

"அண்ணே, என் தங்கச்சிக்கு டீ வரலையே."

முருகானந்தம் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவன் கை காட்டிய பக்கம் அவர் பார்க்கவில்லை. குரலை மட்டும் இறக்கினார். "கடைசியா வர்றதுக்கு நாங்க கையில எதுவும் குடுக்கறதில்லைங்க தம்பி. ஒரு வாட்டி வாங்கிடுச்சுன்னா வீடு வரைக்கும் வந்துடும்."

"அது நான் கட்டின கதைண்ணே. இதே பெஞ்சுல உக்காந்துதான் சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க," என்றார் அவர், மரியாதை குறையாமல். "காலை இழுத்துக்கிட்டு வரும்னு. அப்படித்தான் வருது."

பெனடிக்ட் தெருவைப் பார்த்தான். வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் குனிந்த தலையோடு ஃபெமினாவுக்கு மட்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். வெயில் சாயும் நேரம். பச்சைச் சுடிதாரில் அவள் தனியாக நின்று, காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தின் முன் வந்து, இன்றைக்கு வரப்பு ஈரமாக இருக்கிறது, இத்தோடு முடித்துக்கொண்டு சீக்கிரம் கிளம்பலாம் என்று அறிவித்தான். யாரும் அசையவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த மைதிலி கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"அந்தப் பொண்ணு காணாமப் போன எடத்தைப் பாக்கத்தானே இத்தனை தூரம் வந்தோம்? வெறும் வயல்னா திருவெள்ளறையிலேயே இருக்கே."

போனைப் பார்த்தான். ஒற்றை நட்சத்திரம் ஞாபகம் வந்தது. தங்கைக்காக அவன் துணிந்தது அவ்வளவுதான். மைதிலி போனைத் திறந்ததும் தீர்ந்துபோயிற்று.

"நீ எனக்கு முன்னாடி நட," என்றான் ஃபெமினாவிடம்.

"அப்ப கடைசியில யாரு?"

"யாரும் வேணாம்."

கல்லைத் தாண்டி வரப்பில் இறங்கினார்கள். மழை பெய்து ஓய்ந்த வயலின் சேற்று வாசம், அழுகிய வைக்கோலும் பச்சைத் தண்டும் கலந்த வாசம், முழங்கால் உயரத்தில் கனமாகத் தங்கி நின்றது. தவளைகள் ஒரு பாத்தியில் கத்தி அடங்க அடுத்த பாத்தியில் தொடங்கின. பச்சைமலையின் மேல் ஒளி வற்றி, தண்ணீர் நின்ற வயல்களில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. இடப்பக்கத்து வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டபடி, நட நட ஓரோர் அடியாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். நடவுப் பாட்டு இல்லை. பேச்சும் இல்லை. சேற்றில் விரல் இறங்கும் சத்தம் மட்டும்.

ஃபெமினாவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு, பாத்து நட என்றான் பெனடிக்ட். அவள் கேலி செய்யவில்லை.

"யாரோட பேசிண்டு போறேள்?" என்று பின்னாலிருந்து மைதிலி கேட்டார்.

வரும் வழியெல்லாம் வேனில் தன் டப்பாவிலிருந்து ஃபெமினாவுக்கு முறுக்கும் தட்டையும் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

பெனடிக்ட் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்தான். நடையைக் கூட்டினான். வரப்பு வளையும் இடம் வந்தது. வளைவில் எப்போதும் செய்வதை அவன் வாய் தானாகவே செய்தது.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சுண்ணா."

வாலிலிருந்து. தூரத்திலிருந்து. அவள் குரல்.

முன்னால் ஃபெமினா நின்றுவிட்டாள். "அண்ணா. நான் பேசலை."

பின்னால் யாரோ ரசித்துச் சிரித்தார்கள். நல்ல ஏற்பாடு, ஸ்பீக்கர் எங்கே வைத்திருக்கிறார் என்று ஒருவர் கேட்பது காதில் விழுந்தது. சிரிப்பு அடங்கியதும் இன்னொன்று கேட்டது. ஈர மண்ணில் ஒரு செருப்பு பதிவது. இன்னொன்று இழுபடுவது. பதிவது. இழுபடுவது.

"நட," என்றான்.

நடந்தார்கள். அதுவும் நடந்தது.

"வந்தாச்சுண்ணா."

இந்த முறை வந்தாச்சா என்று யாரும் கேட்கவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை. குரல் கிட்டே வந்திருந்தது. வரிசையில் ஒவ்வொருவராகத் தாண்டி வருகிறது. ஒற்றையடி வரப்பு. ஒருவரைத் தாண்ட இடமே கிடையாது.

"திரும்பிப் பாக்காதண்ணா," என்றாள் ஃபெமினா. "என்னையே பாரு."

அவன் பார்த்தான். அவள் பின்னல். கழுத்தில் வியர்வை. ஜெபமாலைச் சங்கிலி. அதையே பார்த்தான்.

இழுபடுவது. பதிவது.

மைதிலிக்கும் அவனுக்கும் நடுவில். அவன் பிடரியில் ஈர மூச்சு. சேற்று வாசம்.

"அண்ணா. கால் வலிக்குது. கொஞ்சம் நில்லேன்."

விழுந்த அன்று ரோட்டில் உட்கார்ந்து அழுதாளே, அதே குரல். அந்தக் குரலுக்குத் திரும்பாமல் இருக்க அவனுக்குத் தெரியாது.

திரும்பினான்.

மைதிலி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். அவர்களுக்குப் பின்னால் வரப்பு. யாரும் இல்லை. ஒன்றும் இல்லை.

மறுபடி முன்னால் திரும்பினான்.

வரப்பு கிணறுவரை நேராகப் போனது. காலியாக.

கையைப் பார்த்தான். துப்பட்டா இல்லை. நடவுக்குக் கட்டிய ஒரு நாற்று முடி இருந்தது. வேரிலிருந்து சேற்றுத் தண்ணீர் மணிக்கட்டில் வழிந்தது. வெதுவெதுப்பாக.

முதலில் கை தட்டியவர் மைதிலிதான். "தத்ரூபம்," என்றார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். போன்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து அவன் முகத்தை நோக்கி உயர்ந்தன. என் தங்கச்சி, என் தங்கச்சி என்று அவன் சொன்னான். கைதட்டல் கூடியது.

விளக்கு வெளிச்சம் அவனைத் தாண்டி வயலில் விழுந்தது. நடவுப் பெண்கள் இன்னும் குனிந்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஒருத்தி. பச்சைச் சுடிதார். முழங்கால்வரை சேறு. நட்டாள், ஓர் அடி பின்னால் போனாள். நட்டாள், இன்னோர் அடி.

"ஃபெமினா."

விரல்கள் நின்றன. எல்லார் விரல்களும். கடைசியில் இருந்தவள் மட்டும் மெல்ல நிமிர்ந்தாள். அண்ணனைத் தெரிந்துகொண்ட கண்கள். நிறைந்து வழியும் கண்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

உள்ளே நாக்கு தெரியவில்லை. பச்சையாக, நெருக்கமாக, ஈரம் சொட்ட இளம் நாற்றுகள் நின்றன. அவள் தொண்டைக்குள் அவை எங்கோ வேர் பிடித்திருந்தன. ஃபெமினா அவனைப் பார்த்தபடியே வாய்க்குள் விரலை விட்டு, அவற்றில் ஒன்றை வேரோடு பிடுங்கி, குனிந்து, சேற்றில் நட்டாள்.