வெட்கக்காசு

உலைக்களத்தில் ஒரு கோடரி வாங்க வேண்டுமென்றால் முதலில் காது சிவக்க வேண்டும்.

உலைக்களம் என்பது ஓர் ஆட்டம். நெற்றிப்பட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினால் காடு, ஆறு, சுரங்கம் எல்லாம் வந்துவிடும். மரம் வெட்டலாம், பானை வனையலாம், முன்பின் தெரியாதவனோடு சேர்ந்து பாலம் கட்டலாம். தமிழ்நாட்டில் பாதிப் பேர் சாப்பாட்டு நேரம் போக மீதி நேரம் அங்கேதான் குடியிருந்தார்கள். ஆரம்பத்தில் அங்கே செம்புக்காசு ஓடியது. உறக்கமே இல்லாத தானியங்கி ஆட்டக்காரர்கள் புகுந்து, மலை மலையாகச் செம்பைத் தோண்டிக் காசு அடித்துத் தள்ளினார்கள். ஒரு கூடை காசு கொடுத்தால் அந்தக் கூடைகூடக் கிடைக்காது என்றாயிற்று.

ஆட்டத்தை நடத்தியவர்கள் யோசித்தார்கள். இயந்திரத்தால் செய்ய முடியாத ஏதாவது ஒன்றில் காசு அடிக்க வேண்டும். சந்தோஷத்தில் அடித்துப் பார்த்தார்கள். பிரியாணிக் கடை வாசலில் கள்ளக்காசு பெருகிவிட்டது. கண்ணீரில் அடித்தார்கள், வெங்காயம் விலை ஏறியது. கடைசியில் ஒரு தானியங்கியைச் சபை நடுவே நிறுத்தி அரைமணி நேரம் கேலி செய்தார்கள். அது, "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டது. அன்றைக்கே முடிவாயிற்று: இனி வெட்கக்காசு.

முறை எளிது. உலை முன்னால் நின்று, தான் செய்த காரியம் ஒன்றை நினைத்துக் கூச வேண்டும். காதின் சூட்டையும் வயிற்றின் கலக்கத்தையும் நெற்றிப்பட்டை அளக்கும். அந்த எடைக்குக் காசு விழும். வாங்குகிறவர் கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பார். அந்த வெட்கம் நடந்தது நடந்தபடி அவருக்குள் ஓடினால் நல்ல காசு. அதனால் வியாபாரிகள் எல்லோருக்கும் காது எப்போதும் செக்கச்செவேல் என்றிருக்கும். யார் வீட்டு வெட்கம் என்று மட்டும் கேட்பதில்லை. அது சந்தை மரியாதை.

பாளையங்கோட்டை தணிகாசலத்திடம் சில்லறை வெட்கங்கள் தீர்ந்துபோயிருந்தன. கல்யாண வீட்டில் அடுத்தவர் வேட்டியில் கை துடைத்தது, இரங்கல் கூட்டத்தில் இறந்தவரையே பேச வருமாறு அழைத்தது, எல்லாம் ஆணியும் அரமுமாகச் செலவாகிவிட்டன. இப்போது தொங்குபாலத்துக்கு ஒரு பெரிய இரும்புச் சங்கிலி வேண்டும். சங்கிலி வைத்திருந்தவர் மேலப்பாளையம் செய்யது மீரான்.

தணிகாசலம் உலை முன் நின்று, அதுவரை தொடாமல் வைத்திருந்த ஒன்றைத் தொட்டார்.

அவர் மனைவி குமுதவல்லி கோயில் கொடைத் திருவிழாவில் மேடையேறிப் பாடிய நாள். பாதிப் பாட்டில் அடி மறந்து திகைத்து நின்றாள். கூட்டம் சிரித்தது. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பி, "உங்க வீட்டம்மாவா சார்?" என்றார்.

"சேச்சே, யாரோ" என்றார் தணிகாசலம். சொல்லிவிட்டுக் கூடச் சேர்ந்து சிரித்தும் வைத்தார்.

இட்லித்தட்டு அகலத்துக்கு ஒரு காசு விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் பயபக்தியோடு வழிவிட்டார்கள். சங்கிலி கிடைத்தது.

மறுநாள் மத்தியானம் சோறு பரிமாறும்போது குமுதவல்லி குதூகலமாக இருந்தாள். அவளும் உலைக்களத்தில் மீசை வைத்த ஆளாக உலாவிக் கயிறு திரித்து விற்கிறவள்.

"என்னங்க, என் கயிறு பூராவையும் மீரான் பாய் எடுத்துக்கிடுதாராம். கையில இருக்கதுலயே கனமான காசை சாயங்காலம் தாரேன்னுருக்காரு. அப்படி ஒரு காசை அவரு பாத்ததே இல்லையாம். எந்தப் பாவி அடிச்சானோ!"

தணிகாசலத்துக்கு ரசம் புரையேறியது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து பட்டையைக் கட்டிக்கொண்டு மீரானிடம் ஓடினார்.

"மீரான், நேத்துத் தந்த காசைத் திருப்பிக் குடும்."

"ஏன் அண்ணாச்சி, சங்கிலி துருவா?"

"சங்கிலி ஜோரா இருக்கு. காசுதான்... வீட்டு விஷயம்."

மீரான் அதைத் தேய்த்துப் பார்த்தவர். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "புரியுது அண்ணாச்சி. ஆனா யாவாரம்னு ஒண்ணு இருக்குல்லா? இதைவிடக் கனமா ஒண்ணு குடுத்துட்டு இதை எடுத்துக்கிடும்."

கனமாக என்ன இருக்கிறது என்று தணிகாசலம் தேட வேண்டியிருக்கவில்லை. கட்டியவளை யாரோ என்றோம். அதை உருக்கி இரும்பு வாங்கினோம். இப்போது அவள் கையில் சிக்காமல் ஒளிக்க ஓடி வந்து நிற்கிறோம். நினைக்க நினைக்க உள்ளங்கால்வரை சூடு இறங்கியது. விழுந்த காசைத் தூக்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அதை உருட்டிப் போய்க் கொடுத்துவிட்டுப் பழைய காசை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

மீரான் சொன்ன சொல் தவறாதவர். கையில் இருப்பதிலேயே கனமான காசு இப்போது இந்தப் புதுக்காசுதான். மீசைக்காரக் கயிற்று வியாபாரி யார் வீட்டம்மா என்று அவருக்கென்ன தெரியும்? காசை வெட்டி ஒரு துண்டைக் கயிற்றுக்கு விலையாகக் கொடுத்தார். மீதியைச் சில்லறையாக்கிச் சந்தை முழுக்க விட்டார்.

குமுதவல்லி அடுத்த அறையிலிருந்து வந்து நின்றபோது அவள் காது செக்கச்செவேல் என்றிருந்தது.

தணிகாசலம் தரையைப் பார்த்தார். தரையில் பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் வெகுநேரம் பார்த்தார்.

"நான் யாரோவா?"

"குமுதா..."

"அன்னைக்கே தெரியும். மேடையில இருந்து உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அதுக்கப்புறம் ஒரு வாரம் குழம்புல உப்பை அள்ளிப் போட்டேன். நீங்க அதையும் கவனிக்கல."

"ஒரு வார்த்தை கேக்கலியே?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்." கட்டிலில் உட்கார்ந்தாள். "இப்பத்தான் உங்க வயித்துக்குள்ள போய்ப் பாத்துட்டு வாரேன். ஒரு துண்டையே என்னால தாங்க முடியல. இதையா சுமந்துக்கிட்டுத் திரிஞ்சீங்க?" கொஞ்சம் தயங்கினாள். "என் கணக்குலயும் ஒண்ணு இருக்கு. பாடப் போறதுக்கு முந்தி மைக்செட்டுக்காரன் கேட்டான், முன்வரிசையில குறட்டை விடுதவரு உங்க வீட்டுக்காரரான்னு. எங்க டிரைவர்னுட்டேன்."

தணிகாசலம் தலையைத் தூக்கினார். "நம்மகிட்ட காரே கிடையாதே!"

"அந்த நேரத்துல அதான் வாயில வந்துச்சு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடுங்க, போச்சு" என்றாள்.

அந்த நொடியில் காசு செத்தது.

ஆட்டத்தை நடத்தியவர்கள் நினைத்தே பார்க்காத இடம் அது. அடித்தவர் நெஞ்சில் வெட்கம் உயிரோடு இருக்கும்வரைதான் காசுக்கு எடை. அதுவரை யாரும் தங்கள் வெட்கத்தை உரியவரிடம் பேசித் தீர்த்துக்கொண்டதில்லை. எனவே ஒரு காசும் செத்ததில்லை. இப்போது சந்தையில் நாலு பக்கமும் தணிகாசலத்தின் சில்லறை சாம்பலாக உதிர்ந்தது. எவனோ ஒருவன் தன் பெண்டாட்டியிடம் சமாதானமானால் நம் பெட்டி காலி என்று ஜனங்களுக்கு உறைத்தது. பொழுது சாய்வதற்குள் கடைகளைச் சாத்திவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் யாரும் யாரையும் மன்னிக்கக் கூடாது என்று அறிவிப்பு வந்தது.

மறுநாள் மீரான் நிஜமாகவே வீட்டுப் படியேறி வந்தார். குமுதவல்லி கொடுத்த காபியை வாங்கிக் கீழே வைத்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீக. உங்க சில்லறைக்கு மறுபடி உசிர் வருமான்னு ஊரே உக்காந்திருக்கு. கொஞ்ச நாளைக்கு ஒரு மனஸ்தாபமா இருக்க முடியுமா? முழுசா வேண்டாம், பாதி போதும்."

"மறுபடியும் கோவிச்சுக்கிடணுமா?" என்றார் தணிகாசலம்.

"தனித்தனியா சாப்பிட்டாக்கூடப் போதும் அண்ணாச்சி."

குமுதவல்லி தன் காபியில் பாதியைத் தணிகாசலத்தின் தம்ளரில் ஊற்றினாள்.

அதைப் பார்த்தபோதுதான் மீரான் தாம் சொன்னதைத் தாமே கேட்டார். கூடிவிட்ட புருஷன் பெண்டாட்டியை, காசுக்காகப் பிரிந்திருக்கச் சொல்லி அவர்கள் வீட்டுக்கே வந்து கெஞ்சுகிறோம். கழுத்திலிருந்து சூடு ஏறியது. காது எரிந்தது. ஆயுள் முழுக்கக் காசைத் தேய்த்துப் பழகிய வியாபாரி. எடை சட்டென்று பிடிபட்டது. உலை முன்னால் போய் நின்றால் இதை வண்டி வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

விருட்டென்று எழுந்தார். வாசல்வரை போனவர், திடீரென்று பயந்து திரும்பினார்.

"அக்கா, நான் கேட்டது ரொம்பத் தப்பு. இதை நீங்க மன்னிச்சிருவீகளோ?"

குமுதவல்லி யோசித்தாள்.

"அதெப்படி பாய் மன்னிக்கிறது?"

"ரொம்ப சந்தோஷம்க்கா. நீங்க நல்லாருக்கணும்" என்று மனசார வாழ்த்திவிட்டு, மீரான் தெருவில் இறங்கி ஓடினார்.