புளியங்குடி லிங்க்

ரிப்பீட்டரின் வாலில் யாரோ வாயைச் சப்பினார்கள்.

பேசி முடித்தவர் மைக் பொத்தானை விட்ட பிறகும் ரிப்பீட்டர் உடனே அடங்காது. இரண்டு விநாடி சும்மா இருந்துவிட்டு, புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டுத்தான் அணையும். அந்த இரண்டு விநாடிக்கு வால் என்று பேர். வாலில் ஒன்றும் கேட்கக் கூடாது. அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு, ராயகிரி காசிராஜன் "ஓவர்" சொல்லி நிறுத்தியதும், பல் இல்லாத ஈறில் நாக்கு ஒட்டி ஒட்டிப் பிரிகிற ஈரச் சத்தத்தை தேவசுந்தரம் தெளிவாகக் கேட்டார். அப்புறம் எதையோ கஷ்டப்பட்டு விழுங்குகிற சத்தம். அப்புறம் புஸ்.

"காசிராஜன், ஒம்ம பக்கம் ஏதாச்சும் சத்தம் கேட்டுதா?"

"இல்லையே அண்ணாச்சி. வால் சுத்தமா இருக்கு."

தேவசுந்தரம் சங்கரன்கோவிலில் பிசிக்ஸ் வாத்தியார். அரசாங்க லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்குக்கு வயர்லெஸ்ஸில் பேசுகிற கூட்டத்தில் ஒருவர். கையடக்க செட்டில் பேசினால் நாலைந்து மைல் போவதே பெரிய காரியம்; அதனால் உயரமான இடத்தில் ஒரு பெட்டியை வைத்துவிடுவார்கள். அது கேட்டதை வாங்கி, அப்படியே உரக்கத் திருப்பிச் சொல்லும். அதுதான் ரிப்பீட்டர். சங்கரன்கோவிலில் ஒன்று, புளியங்குடியில் ஒன்று, ராயகிரியில் ஒன்று. மூன்றையும் லிங்க் போட்டுக் கோத்ததால், எண்பத்தேழாம் வருஷம் டிரங்க் கால் போட்டுக் காத்துக் கிடக்கிற காலத்தில், மூன்று ஊரிலுமாக இருந்த ஆறு பேரும் நினைத்த நேரத்தில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெருமை எல்லோருக்கும் இருந்தது.

கோத்தவர் சண்முகையா. புளியங்குடி எலுமிச்சை மண்டியில் ஏலம் கூறுகிறவர். "ஒரு தரம்" என்று அவர் எடுத்தால் மண்டிக்கு வெளியே பஸ்ஸில் இருப்பவனும் திரும்பிப் பார்ப்பான். வாய்தான் அவருக்குச் சோறு போட்டது. அதே வாயில்தான் முப்பது வருஷம் புகையிலையையும் அடக்கி வைத்திருந்தார்.

சங்கரன்கோவில் நடுவில் இருந்ததால் லிங்க் பெட்டி தேவசுந்தரத்தின் மேஜையில் இருந்தது. அதன் முகத்தில் இரண்டு சுவிட்ச்: புளியங்குடிக்கு ஒன்று, ராயகிரிக்கு ஒன்று. கீழே தட்டினால் அந்த ஊர் துண்டாகிவிடும். துண்டாகும்போது அந்த ஊர் செட்டில் மட்டும் 'டிக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். அதைப் பார்த்துப் பார்த்து வைத்ததும் சண்முகையாதான். "லிங்க் தானா செத்துச்சா, ஆளு அமத்துனானான்னு தெரியணும்லா வே" என்பார்.

அவர் செத்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

தினமும் ஏழு மணிக்கு ரோல்கால். தேவசுந்தரம் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அவரவர் முறை வந்ததும் பொத்தானை அமுக்கி "ஆஜர்" என்று சொல்லி இரண்டு வார்த்தை பேச வேண்டும். வாய்ப் புற்று வந்து, தாடை கரைந்து, நாக்கு பாதியாகிப் போன பிறகும் சண்முகையா ஒரு நாள் ரோல்காலைத் தவறவிட்டதில்லை. அவர் பேர் வந்ததும் பொத்தான் அமுங்கும். கொழகொழவென்று ஏதோ புரளும். எச்சில் மைக்கில் வழிந்து சொட்டும். மூன்று ஊருக்கும் அது லிங்க்கில் போகும். மற்ற நாலு பேரும் ராயகிரிப் பக்கத்துக்காரர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு "ரோஜர் அண்ணாச்சி" என்பார்கள்.

தேவசுந்தரம் ஒரே ஒரு தடவை பார்க்கப் போனார். அந்த அறையின் வாடை மூக்கில் ஏறியதுமே அவருக்கு வெளியே ஓடிவிடலாம் என்றிருந்தது. கன்னத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியே பல் தெரிந்தது. சண்முகையா கையை நீட்டினார், இவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி முருகம்மாள் கொண்டுவந்து கொடுத்த எலுமிச்சைச் சாற்றை, அவள் உள்ளே திரும்பியதும் முற்றத்துச் சாக்கடையில் ஊற்றினார். மறுநாள் ரோல்காலில் சண்முகையாவின் பேர் வந்தபோது இவர் விரல் தானாகப் புளியங்குடி சுவிட்சைத் தட்டியது. "புளியங்குடி லிங்க் சரியில்ல, அடுத்த ஆளுக்குப் போவோம்" என்றார். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது, யாரும் கேட்கவில்லை. இருபத்து மூன்று நாள் இப்படியே நடந்தது. இருபத்து நாலாம் நாள் சண்முகையா இல்லை.

இப்போது வாலில் சப்புகிற சத்தம்.

முதலில் தன் மைக்கைச் சந்தேகப்பட்டார். மாற்றினார். ஒயரைப் பிடுங்கிப் புதிதாகப் பற்றவைத்தார். புளியங்குடி சுவிட்சைக் கீழே தட்டி, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டினார். மறுநாளும் சத்தம் வந்தது; கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தது. எச்சில் நூலாக இழுபட்டு அறுகிற சத்தம்கூடப் பிரித்துக் கேட்டது. மேஜை பக்கம் வாடை வேறு. எலி செத்துக் கிடக்கிறதோ என்று அவர் மனைவி நேசமணி பீரோவை நகர்த்திப் பார்த்தாள், ஃபினாயில் போட்டுத் துடைத்தாள். வாடை போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்த கையோடு புளியங்குடிக்கு பஸ் ஏறினார். யாரோ சண்முகையாவின் செட்டை முடுக்கி விளையாடுகிறார்கள், வேறென்ன. 

செட் மூலையில் கிடந்தது. பாட்டரி இல்லை. ஆண்டெனா ஒயர் சுருட்டிக் கட்டியிருந்தது.

"பாட்டரிய பதினாறு கழிஞ்ச மறுநாளே வித்துட்டேன் அண்ணாச்சி" என்றாள் முருகம்மாள். "இத மட்டும் வச்சிருக்கேன். ஒங்ககிட்டயே இருக்கட்டும். அவுக கடேசியா புடிச்சிருந்தது."

பாலிதீன் பையில் மைக். அதன் கம்பி வலை முழுக்க மஞ்சளும் கறுப்புமாக ஏதோ காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அதில் எறும்பு ஊர்ந்தது. வாங்காமல் இருக்க முடியாது. இரண்டு விரலால் பையின் காதைப் பிடித்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன்" என்றாள். "அன்னைக்கு ரெத்தமா வந்துச்சு. நான் காருக்கு ஓடுதேன்னேன். வேண்டாம், ஏழு மணி ஆவப் போவுது, தேவசுந்தரத்த கூப்புடுதேன், இன்னைக்காவது லிங்க் கெடைக்கும், அவரு கார் அனுப்புவாருன்னு கையைக் காட்டுனாக. நாந்தான் மைக்க வாய்கிட்ட புடிச்சேன். ஒங்க பேரத்தான் சொன்னாக. ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த ஒரு நிமிஷத்தில், காலில் விழுந்து சொல்லியிருக்கலாம்.

"அன்னைக்கு லிங்க் தானா செத்துப் போச்சும்மா" என்றார் தேவசுந்தரம்.

"அப்படியா? அன்னைக்கும் டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அதக் கேட்டதும் அவுக மைக்க தள்ளிட்டாக. அப்புறம் ஒண்ணுமே சொல்லல." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எலுமிச்சச் சாறு கலக்கட்டுமா? போன தடவ கொட்டிட்டியளே. உப்புப் போட்டது புடிக்கலையோ என்னமோ. அவுகளுக்கு உப்புப் போட்டாத்தான் எறங்கும்."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தபோது நாக்கின் அடியில் ஏதோ சுருக்கென்றது.

பஸ்ஸில் வரும்போது பையை ஜன்னல் வழியாக ஓடையில் எறிந்தார். கையை முகர்ந்தார். வீட்டுக்கு வந்து லைஃப்பாய் போட்டு ஏழு தடவை கழுவினார். அப்புறம் நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பார்த்தார். மிளகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

காசிராஜனிடமும் மற்றவர்களிடமும் சொல்லிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தார். லிங்க்கில் எல்லோரும் கேட்க, நான்தான் அமர்த்தினேன் என்று சொல்லிவிட்டால் போதும், இது நின்றுவிடும். பைபிளில் கை வைத்ததுபோல உறுதியாகத் தெரிந்தது அவருக்கு. ஆனால் ஏழு மணி ஆனதும் வெட்கம் பிடித்துக்கொண்டது. நாளைக்கு என்றார். நாளைக்கும் நாளைக்கு என்றார்.

புள்ளி பட்டாணி ஆயிற்று. பட்டாணி வெடித்தது. திருநெல்வேலியில் டாக்டர் ஒரு துண்டு நறுக்கி அனுப்பினார், ரிசல்ட் வந்ததும் நேசமணியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மூன்று மாதத்தில் கீழ்வரிசைப் பற்கள் ஆடி, ஒவ்வொன்றாகச் சோற்றில் விழுந்தன. தன் வாடையைத் தானே சகிக்க முடியாமல் மூக்கில் விக்ஸ் தடவிக்கொண்டு படுத்தார். ஒரு நாள் மத்தியானம் எச்சிலை விழுங்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஈறில் நாக்கு ஒட்டி ஒட்டிப் பிரிகிற அந்தச் சத்தம். அப்புறம் விழுங்கல். எதுவும் மாறவில்லை, அதே சத்தம்தான். அன்று வாலில் கேட்டது இந்த வாயைத்தான்.

ரோல்கால் எடுக்க முடியாததால் லிங்க் பெட்டியைக் காசிராஜன் வந்து ராயகிரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். இனி அதுதான் நடு ஊர். சங்கரன்கோவிலும் அவன் தட்டுகிற ஒரு சுவிட்ச். வந்தவன் வாசல் பக்கமாகவே உட்கார்ந்தான். சங்கரநயினார் கோயில் புற்றுமண் பொட்டலத்தை மேஜையின் அந்த ஓரத்தில் வைத்துத் தள்ளினான். 

"நாங்க இதத்தான் நம்புவோம் அண்ணாச்சி. நீங்க வேதக்காரங்க, இருந்தாலும் வாயில கொஞ்சம் போட்டுப் பாருங்க."

சொல்லும்போது மூச்சைப் பிடித்திருந்தான். தேவசுந்தரத்துக்கு அது நன்றாகத் தெரிந்தது, தெரியாமல் இருக்குமா? நேசமணி கொண்டுவந்த காப்பி தொடாமலே ஆறியது. அவன் போனதும் பொட்டலத்தைப் பிரித்து மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அது சீழில் ஊறிக் குழைந்தது. துப்பவும் முடியவில்லை.

மறுநாளிலிருந்து வார்த்தை சுத்தமாக நின்றுபோனது.

ஆனாலும் ரோல்காலுக்குத் தவறவில்லை. பேர் வந்ததும் பொத்தானை அமுக்குவார். கொழகொழவென்று புரளும். "ரோஜர் அண்ணாச்சி" என்று காசிராஜன் அவசரமாக அடுத்த ஆளுக்குப் போவான். பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு மூன்றே வார்த்தையைப் பழகினார். நாந்தான் லிங்க்க அமத்துனேன். 'நா' வந்தது. 'ந்தா' வந்தது. கண்ணீரும் எச்சிலும் சட்டையை நனைக்க, எட்டு நாள் பழகியதில் மூன்றும் ஒருவிதமாக வந்தன. இன்றைக்குச் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டுச் செத்தால்கூடப் பரவாயில்லை.

ஏழு மணி. வெளியே முனிசிபாலிட்டி விளக்கு எரிந்தது. அடுப்படியில் நேசமணி தோசை சுடுகிற சத்தம். செட்டில் காசிராஜன் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டான்.

"சங்கரன்கோவில், தேவசுந்தரம் அண்ணாச்சி."

பொத்தானை அமுக்கினார்.

"நா..."

டிக்.

விரல் அப்படியே நின்றது. லிங்க் தானாகச் செத்தால் இந்தச் சத்தம் வராது. 

பொத்தானை விட்டார். மறுபடி அமுக்கினார். நாந்தான், நாந்தான் என்றார். அது வெறும் சளசளப்பாக மொட்டைமாடி ஆண்டெனா வரை போய், தன் ரிப்பீட்டரிலேயே திரும்பித் தன் காதுக்கே வந்தது. ராயகிரியில் இப்போது என்ன சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று அவருக்கு எழுத்து மாறாமல் தெரியும்.

பொத்தானை விட்டார்.

வால்.

ஒரு விநாடி. இரண்டு. மூன்று. புஸ் வரவில்லை. வால் நீண்டுகொண்டே போனது. அதற்குள்ளிருந்து, நோய்க்கு முந்தின மண்டிக் குரல், கணீரென்று:

"கேக்கேன் வே. சொல்லும்."

தேவசுந்தரம் வாயைத் திறந்தார். நாக்கு நகரவில்லை.

"ஒரு தரம்."

வாய்க்குள் விரலை விட்டு நாக்கைத் தூக்கினார். வழுக்கியது. மண் நறநறத்தது. 

"ரெண்டு தரம்."

பாட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தார். செட்டின் சிவப்பு விளக்கு அணைந்தது. அமைதி. தோசைக் கரண்டியின் சத்தம் மட்டும்.

தாடை அசைந்தது. அவர் அசைக்கவில்லை.

"மூணு தரம்."

செட்டிலிருந்து இல்லை. அவர் வாயிலிருந்து. பிசிறில்லாத, தெருமுனை வரை போகிற குரல்.

அடுப்படியில் கரண்டி கீழே விழுந்தது. நேசமணி ஓடி வந்து கதவைத் தள்ளினாள். இத்தனை நாளாக அவர் குரலைக் கேட்காதவள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பும் அழுகையுமாக இருந்தது. 

"ஏங்க! ஒங்களுக்குப் பேச்சு வந்துட்டா? ஆண்டவரே! ஏங்க, இன்னொருக்கா பேசுங்க."

வேண்டாம், பக்கத்தில் வராதே என்று தேவசுந்தரம் இரண்டு கையையும் ஆட்டினார். அவள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

வாய் அவளிடம் சொன்னது: "எலுமிச்சச் சாறு கொண்டா. உப்பு நெறையப் போட்டு."

"இந்தா வாரேன், இந்தா" என்று அவள் ஓடினாள். பழம் அரிகிற சத்தம். உப்பு ஜாடி திறக்கிற சத்தம். டம்ளரில் கரண்டி சுற்றுகிற சத்தம். அவர் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து மூடப் பார்த்தார். அது மெதுவாக, இன்னும் அகலமாகத் திறந்தது. டம்ளர் விளிம்புவரை தளும்ப, சிந்திவிடக் கூடாது என்று ஒரு கையை அடியில் கொடுத்துக்கொண்டு, நேசமணி சிரித்தபடி வாசற்படியைத் தாண்டி வந்தாள்.