அறுபத்தோராவது வாக்கியம்

மொட்டை மாடியில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தவள், கூடத்தில் சார்ஜில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தாள். பதினொன்று இருபதுக்குக் கணவரிடமிருந்து ஓர் அழைப்பு வந்திருந்தது. அதை யாரோ எடுத்துப் பேசியிருந்தார்கள், நாற்பத்து மூன்று நிமிடம். வீட்டில் அவளைத் தவிர ஆள் கிடையாது. கதவையும் பூட்டிக்கொண்டுதான் மேலே போயிருந்தாள்.

புதுப் போன்களைப் பத்து நாள் வைத்துப் பார்த்து எழுதுவது அவள் பிழைப்பு. ஆண்ட்ராய்டில் இந்த வருஷத்து உச்ச விலை போன் இதுதான் என்று பத்திரிகையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். மற்றவர்கள் பெட்டியைப் பிரித்த கையோடு ஆஹா ஓஹோ என்று எழுதிவிடுவார்கள். அவளோ தன் சிம்மைப் போட்டு, மாவுக் கையோடு தொட்டு, உச்சி வெயிலில் திரையைப் படித்து, தலையணைக்கடியில் சூடு பார்த்து, அதோடு குடித்தனமே நடத்திவிட்டுத்தான் மார்க் போடுவாள். பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்ற பரீட்சைக்குக் கணவர்தான் எதிர்முனை. பக்கத்து அறையிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ கூப்பிட்டு, பதினொரு வருஷமாக அதே பாட்டைப் பாடுவார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. சரியா கேக்குதா?"

இந்தப் போனில் ஒரு புது வித்தை இருந்தது. நாம் எடுக்க முடியாத அழைப்பை நம் குரலிலேயே அது எடுத்துப் பேசும். அதற்கு நூறு வாக்கியங்களை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அறுபது படித்ததும் அவளுக்குத் தொண்டை வறண்டுபோய், மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். மறுநாள் காலை திரையில் 'குரல் தயார்' என்று வந்திருந்தது. தொண்டைக்கட்டு மட்டும் அன்றிலிருந்து விடவேயில்லை. வெந்நீர் குடித்துப் பார்த்தாள், ஆவி பிடித்துப் பார்த்தாள். ஆறாம் நாளான இன்று, பாதிச் சொற்கள் காற்றாகத்தான் வெளியே வந்தன.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள்.

"காலைல யார்கூட அவ்வளவு நேரம் பேசினீங்க?"

"உன்கூடத்தான்."

"நான் மாடில இருந்தேன்."

அவர் செருப்பை ஒழுங்காக ஓரம் வைத்தார். "தெரியும்" என்றார்.

டெஸ்டுக்காகப் பேசியிருப்பார் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். இரவெல்லாம் அந்த நாற்பத்து மூன்று நிமிடம் மட்டும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் மத்தியானம். தெருவில் ஈ காக்கை இல்லை. மின்விசிறி சுற்றும் சத்தமும், எங்கோ குழாய் சொட்டும் சத்தமும், புதுப் போனின் பிளாஸ்டிக் வாசனையும் தவிர வீட்டில் ஒன்றுமில்லை. குரல் பதிவுகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அறுபது வரை அவள் படித்த அசட்டு வாக்கியங்கள்தான்: இன்று வானம் தெளிவாக இருக்கிறது, கடை எத்தனை மணிக்குத் திறக்கும். அவள் அங்கேயே நிறுத்தியிருந்தாள். பட்டியல் மட்டும் நூறு வரை போனது.

அறுபத்தொன்றை அழுத்தினாள்.

விசும்பல். அவளுடைய விசும்பல். பிறகு அவள் குரல், அடைத்துப்போய், இருட்டில் பேசுகிற மாதிரி.

"சிக்னல் இல்லன்னு தங்கச்சிகிட்ட சொன்னது பொய். போன் அடிச்சது. பார்த்தேன். எடுக்கல."

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு மாதத்தில் ஒரே ஒரு ராத்திரி வீட்டில் வந்து படுத்தாள். அன்றைக்குத்தான் நர்ஸ் கூப்பிட்டாள். திரையில் ஆஸ்பத்திரி நம்பரைப் பார்த்தும், திரும்பிப் படுத்துத் தூங்கினாள். அம்மா தனியாகவே போய்விட்டாள். மூன்று வருஷமாக இது ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்ன ஆளுக்கு.

அந்த நேரம் பார்த்துத் தங்கையிடமிருந்து செய்தி வந்தது. 'நேத்து நீ போன்ல சொன்னதுலேர்ந்து நான் தூங்கல.'

நேற்று அவள் தங்கையோடு பேசவேயில்லை.

அவர் வரும்வரை வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். வந்தவரிடம் போனை நீட்டினாள்.

"நீ பாதில விட்டுட்ட. மிச்சத்த நான் போட்டேன்" என்றார் அவர், சாதாரணமாக.

"இதெல்லாம் எப்பப் பதிவு பண்ணீங்க?"

"அப்பப்ப. ஒரு ஞாபகத்துக்கு."

"உங்களை நம்பித்தானே சொன்னேன்." குரல் கீறலாகத்தான் வந்தது.

"என்கூட நீ நாப்பது நிமிஷம் பேசி எத்தனை வருஷம் ஆச்சு? அது பேசுது. கேட்டா சொல்லுது. கேக்காததையும் சொல்லுது."

இத்தனை வருஷம் கூடப் படுத்தவன் முதுகில் குத்திவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். இனி மரியாதை எதற்கு என்று மனம் சொன்னது. வாதாட நேரமில்லை. சிம்மை உருவிப் பழைய போனில் போட்டாள். புதுப் போனில் இருந்த எல்லாவற்றையும் அழித்தாள். அணைத்தாள். பெட்டியில் வைத்து, திருப்பி அனுப்பும்போது செய்வது போலவே டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினாள்.

"பத்து நாள் ஆகலையே" என்றான்.

அவள் முகம் கழுவப் போனாள். தங்கையிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். முதலில் மன்னிப்பு. பிறகு அந்த எட்டு மாதம். அலுத்துப்போன உடம்பு. கேட்டால் புரிந்துகொள்வாள். அவளுக்கென்று மிச்சம் இருப்பது அந்தத் தங்கை ஒருத்திதான்.

குழாயை மூடினாள்.

கூடத்தில் பேச்சுச் சத்தம்.

பெண் குரல். இழைந்து, நிதானமாக, தொண்டைக்கட்டு இல்லாமல்.

பழைய போனை எடுத்துக்கொண்டு ஈர முகத்தோடு ஓடினாள். அவன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். மடியில் பெட்டி. டேப் பிரியவில்லை. காதை அதன்மேல் சாய்த்திருந்தான். கையால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஷ்" என்றான். "பேசிட்டிருக்கா."

அவள் கையிலிருந்த பழைய போன் அடித்தது. தங்கை.

இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா." அழுது ஓய்ந்த குரல். "நேத்து கேட்டது உன் குரலே இல்லன்னு நினைக்கறேன். இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு. நம்பறேன்."

வாயைத் திறந்தாள்.

உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. காற்றுகூட வரவில்லை.

"அக்கா? இருக்கியா?"

முழு பலத்தையும் கூட்டி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள்.

பெட்டிக்குள்ளிருந்து வந்தது குரல்.

"நிஜந்தான். போன் அடிச்சது. பார்த்தேன். எடுக்கல."

எதிர்முனையில் மூச்சு நின்றது. அவள் தலையை ஆட்டினாள், இல்லை, இல்லை என்று. யார் பார்க்கிறார்கள்? கைவிரல்கள் மரத்துப்போயிருந்தன. போனைக் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.

கணவன் எழுந்தான். பெட்டியை இரண்டு கையாலும் பத்திரமாக ஏந்தி அவள் அருகே வந்தான். அவள் முகத்தை அவன் பார்க்கவேயில்லை. பெட்டியைப் பழைய போனின் வாயருகே ஒட்டிப் பிடித்துக்கொண்டு, வழக்கமான அதே குரலில், தங்கையைக் கேட்டான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு. சரியா கேக்குதா?"