முன்னால் போன புடவை

வைரக்கண்ணு சாப்பிட்டுக் கை கழுவப் போனதும் ரெங்கம்மாள் மிச்சச் சோற்றில் தண்ணீரை ஊற்றிப் பானையை மூடிவிட்டாள். சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். கமலவேணி இன்னும் சாப்பிடவே இல்லை.

சிறுவாச்சூரிலிருந்து விடிய விடிய மாட்டு வண்டியில் எலும்பெல்லாம் குலுங்க அரியலூர் வந்து சேர்ந்தவளுக்குப் பசி காதை அடைத்தது. இருந்தாலும் புருஷன் வீட்டு உறவில் சோறு கேட்க யாருக்கு வாய் வரும்? ரெங்கம்மாள் அவள் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை. தயங்கித் தயங்கி, "அத்தை, எனக்கு..." என்று இழுத்தாள்.

"நீதான் அப்பவே சாப்ட்டியே புள்ள" என்றாள் ரெங்கம்மாள், கரண்டியைக் கழுவிக்கொண்டே. "எட்டு நாளா கொறிச்சுட்டுக் கெடந்தவ, இன்னிக்கு அவன் வண்டி வந்து நின்னதும் ரெண்டு தரம் வாங்கித் தின்னியே. மறந்துட்டியா?"

கமலவேணிக்குச் சிரிப்பு வந்தது. பாவம், கிழவிக்குப் புத்தி தடுமாறுகிறது. ஆனால் எட்டு நாள் என்ற பேச்சு காதில் தங்கிவிட்டது. சிரிப்பு பாதியில் நின்றது.

அவர்கள் போகவேண்டியது பினாங்குக்கு. அரியலூரில் இரண்டு நாள் இளைப்பாறி, ரயிலேறி, நாகப்பட்டினத்தில் கப்பல் பிடிக்க வேண்டும். "ரெண்டு நாளு டவுன்ல ராணி மாதிரி கால நீட்டிப் படு. அப்புறம் கப்பல்ல வாந்திதான்" என்று வழியெல்லாம் கேலி செய்துகொண்டு வந்தான் வைரக்கண்ணு. அந்தக் கேலியே அவளுக்குத் தேனாக இருந்தது. கல்யாணமான மூன்றாம் மாதம் கப்பலேறியவன் அவன். சண்டை வந்தது, ஜப்பான்காரன் வந்தான், நாலு வருஷத்துக்கு ஒரு கடுதாசி இல்லை. தாலியைக் கழற்றச் சொல்லி வந்தவர்களை வாசற்படி ஏறவிடாமல் விரட்டியவள் கமலவேணி. இப்போது, இந்த நாற்பத்தேழாம் வருஷச் சித்திரையில், அவளையும் கூட்டிக்கொண்டு போகிறான். இனி ஒரு நாள்கூட அவனைப் பிரியமாட்டாள். அதற்காகப் பொய் சொல்ல வேண்டுமென்றால் சொல்வாள். சொல்லியும்விட்டாள்.

புறப்பட நல்ல நேரம் ஒரு வியாழக்கிழமை காலையில் இருந்தது. அன்று பார்த்து வைரக்கண்ணுவுக்குக் குளிர்காய்ச்சல். அப்படி நேரம் தப்பும்போது செய்வதற்கு ஒரு வழக்கம் உண்டு. பரஸ்தானம் வைப்பது என்பார்கள். உடுத்திய துணி ஒன்றோடு மஞ்சளும் அரிசியும் வைத்து மூட்டை கட்டி, போகிற திசையில் ஒரு வீட்டில் சேர்த்துவிட்டால், அந்த நேரத்துக்கு ஆளே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. கமலவேணி தன் அரக்குப் புடவையை மடித்து வைத்தாள். அவன் வேட்டி ஒன்றையும் கேட்டாள். "என்னை விட்டுட்டு என் வேட்டி கப்பலேறவா?" என்று சிரித்துத் தட்டிக்கழித்தான். அவள் புடவை மட்டும் அங்கமுத்துவின் கடலை வண்டியில் அரியலூருக்கு, ரெங்கம்மாள் வீட்டுக்குப் போனது.

மூன்று நாளுக்குள் ஆள் போய் மூட்டையை எடுத்துவிட வேண்டும். முடியாவிட்டால் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து வேறு நாள் குறிக்க வேண்டும். மாமியார் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். காய்ச்சல் விட ஒன்பது நாள் ஆனது. வேறு நாள் குறித்தால் கப்பல் போய்விடும், அவளை விட்டுவிட்டு அவன் மட்டும் எப்படியாவது ஓடிப் பிடித்துவிடுவான். "அங்கமுத்து மூட்டையக் கொண்டாந்துட்டானா?" என்று மாமியார் கேட்டபோது, "வந்துடுச்சு அத்தை" என்றாள் கமலவேணி, முகத்தில் ஒரு சலனம் இல்லாமல்.

இங்கே, ரெங்கம்மாள் வீட்டுப் பின்கட்டு அறையில் அந்த மூட்டை ஆணியில் தொங்கியது. முடிச்சு அவிழ்ந்திருந்தது.

வெளியே சுண்ணாம்புக்கல் பூமி வெயிலில் வெளுத்துக் கிடக்க, ரயில் நிலையத்துப் பக்கம் இன்ஜின் ஒன்று பெருமூச்சு விட்டுவிட்டு ஓய, கொல்லையில் காகம்கூடக் கத்தாத அந்த உச்சி வேளையில், அவள் புடவையைத் தொட்டாள். ஈரம். இடுப்பில் செருகிய இடத்தில் கொசுவத்தின் மடிப்பு கலையவில்லை. முகர்ந்து பார்த்தாள். சீயக்காய், விளக்கெண்ணெய், கழுத்து வியர்வை. எல்லாம் அவளுடைய வாடை. மஞ்சள் கிழங்கு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது, எட்டு நாள் குளியலுக்குத் தேய்கிற அளவு.

அவனிடம் சொல்லலாம். சொன்னால், பொய்யும் சேர்ந்து வெளியே வரும். "நீ ஊருக்குப் போ, நல்ல நேரம் பாத்து அப்புறம் வந்து கூட்டிக்கிறேன்" என்பான். வாயை மூடிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டாள். கிணற்றின் உட்சுவர்க் கற்களில் நத்தைகள் கல்லாகிப் பதிந்திருந்தன. அவற்றை எண்ணியபடி மனதை அடக்கினாள்.

அப்போது அறைக்குள்ளிருந்து வளையல் சத்தம் கேட்டது. அவன் ஏதோ சொல்கிறான். ஒரு பெண் சிரிக்கிறாள், பாதியில் மூச்சை உள்ளிழுத்து. கமலவேணி அப்படிச் சிரிப்பதைத்தான் அவன் கேலி செய்வான்.

ஈரம் சொட்டச் சொட்ட ஓடினாள். அவன் தனியாகப் படுத்திருந்தான். வாய் சிவந்திருந்தது.

"சுண்ணாம்பு கூடிப்போச்சு கமலம். நாக்கு வெந்துடுச்சு" என்றான் கண்ணைத் திறக்காமல்.

அவள் வெற்றிலை மடித்துத் தரவில்லை. "சரிங்க" என்றாள். அன்று இரவு அவன் வேட்டி முனையை விரலில் சுற்றிக்கொண்டே படுத்தாள், தூங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ஆணியில் புடவை இல்லை.

இனித் தாங்காது. பொய் வெளியே வந்தால் வரட்டும். பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த வூட்டுல..."

"அதான் நேத்தே சொல்லிட்டியே" என்றான் அவன் கனிவாக. "அதையே நெனச்சுப் பயப்படாத."

"நான் என்ன சொன்னேன்?"

"உன் சாயல்ல ஒருத்தி ஊருலேருந்தே நம்ம வண்டிக்குப் பின்னால வந்துட்டா, கெணத்தடியிலயே நிக்கிறா, அவள ஏறெடுத்துப் பாக்கக்கூடாதுன்னியே. அழுதியே கமலம். சின்னம்மாகிட்டயும் சொல்லியிருக்க." அவள் கன்னத்தைத் தட்டினான். "வண்டியேறிட்டா எல்லாம் சரியாயிடும். ஜட்காவக் கூட்டிட்டு வரேன்."

அது நான் இல்லை என்று எப்படிச் சொல்வது? அது சொல்லவேண்டியதை முன்னாலேயே சொல்லிவிட்டது. ரயிலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். இந்த முகத்தோடு தெருவில் நடக்க முடியாது. கண்ணைக் கழுவிக்கொள்ள ஒரே ஒரு நிமிஷம் கிணற்றடிக்குப் போனாள்.

ஒரே நிமிஷம்.

வாசலில் ஜட்கா மணி கேட்டது. "கமலம், வா. நேரமாச்சு."

"இதோ வந்துட்டேங்க."

அவள் வாய் திறக்கவில்லை. குரல் வீட்டுக்குள்ளிருந்து போனது.

கொல்லைக் கதவை நோக்கி ஓடினாள். கதவிடுக்கில் ரெங்கம்மாளின் முகம் தெரிந்தது. சாம்பல் பூத்த முகம். அவளைப் பார்த்தது. கூடத்தைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி அவளைப் பார்த்தது.

"அத்தை, நான்தான்! தொறங்க!"

தாழ்ப்பாள் விழுந்தது.

சந்து. முள்வேலி. காலில் முள். பிடுங்க நேரமில்லை. தெரு. வெள்ளைப் புழுதி. ஜட்கா நகர்ந்துவிட்டது. வண்டியின் பின்வாயில் அவன் முதுகு. பக்கத்தில் அரக்குப் புடவை.

"ஏங்க!"

அவன் திரும்பினான். பார்த்தான். நேராக அவள் கண்ணைப் பார்த்தான். நாலு வருஷம் யார் சொல்லியும் கேட்காமல் காத்திருந்த நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்துபோனது. தெரிந்துகொண்டான். அவனுக்குத் தெரியாதா அவளை? இப்போது வண்டியை நிறுத்துவான். இறங்குவான்.

அவன் முகம் ரத்தம் சுண்டி வெளுத்தது.

"ஓட்டு, வெரசா ஓட்டு!" என்று வண்டிக்காரனிடம் கத்தினான். பக்கத்தில் இருந்தவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவள் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்று உள்ளங்கையால் அவள் கண்களைப் பொத்தினான்.

"பாக்காத கமலம். நான் இருக்கேன்ல. பாக்காத."

குதிரை பாய்ந்தது. அவன் கைக்குக் கீழே, கமலவேணியின் உதடுகள் மெல்லச் சிரித்தன.