எதிரொலி செத்த இடம்

"அண்ணா! தொடாதே!"

அலறல் கொட்டகையின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

வெல்டர் திடுக்கிட்டான். எலக்ட்ரோடு டேங்க்கைத் தொட ஒரு சாண்தான் பாக்கி!

தங்கை மூச்சிரைக்க ஓடி வந்தாள். தோளில் அல்ட்ராசானிக் மெஷின். தகட்டுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியில் கோளாறு கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவள் வாய்க்குத் தனியாக ஒரு பட்டம் கொடுத்திருக்கலாம்.

"எதுக்கும்மா இந்தக் கத்து கத்துறே?" சூப்பர்வைசர் எரிந்து விழுந்தார்.

"தகட்டோட கனம் பார்க்காம யார் சார் வெல்டிங் பண்ணச் சொன்னது?"

"நான்தான்! டேங்க் காலி. கெமிக்கலை எல்லாம் இறக்கியாச்சு."

"நீங்க பார்த்தீங்களா?"

"சேஃப்டி ஆபீசர் பார்த்தாரு. போதாதா?"

பக்கத்தில் நின்ற சேஃப்டி ஆபீசர் சிரித்தார். வெள்ளை ஹெல்மெட். அதைவிட வெள்ளையாகப் பல்.

"தங்கச்சிக்கு அண்ணன் மேல பாசம். பார்த்துட்டுப் போகட்டுமே சார்."

பாசமா...? பயம்!

போன வாரம் இப்படி ஒரு 'காலி' டேங்க் வெடித்துத்தான் இன்னொரு வெல்டர் செத்தான். அதைக் காலி செய்யவே இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தவன் அண்ணன். நாளை விசாரணையில் சொல்லப் போகிறான். சொன்னால் சூப்பர்வைசர் தலையும் உருளலாம். ஆபீசர் தலையும் உருளலாம்.

இரண்டில் எந்தத் தலை அண்ணனைத் தீர்க்கப் பார்க்கிறது?

"விடு பாப்பா, வேலையைக் கெடுக்காதே" என்றான் அண்ணன்.

"நீ சும்மா இரு. உன் உயிர் உனக்குச் சும்மா வந்துச்சு. அம்மாவுக்கு அப்படி இல்ல."

தகட்டில் ஜெல் தடவினாள். மேல் பகுதியில் ஒலி அனுப்பும் புரோபை வைத்து அழுத்தினாள்.

ஆபீசர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். திரையில் தகட்டின் கனம்.

கீழ்ப் பகுதிக்கு நகர்த்தினாள். அதே கனம்!

"நம்பர் மாறல. தகடு நல்லாத்தானே இருக்கு?" ஆபீசர் நிம்மதியாக நகர்ந்தார்.

அவர் பார்த்தது நம்பரை. அவள் பார்த்தது அலையை.

தகட்டுக்குப் பின்னால் வெறும் காற்று என்றால் எதிரொலி திரும்பத் திரும்பத் துள்ளும். மேலே துள்ளியது.

இடுப்பு உயரத்துக்குக் கீழே... சட்டென்று செத்தது!

பின்னால் திரவம். ஒலியை அது குடிக்கிறது. பொறி பட்டால் அண்ணனையும் குடிக்கும்!

அவள் முகம் மாறவில்லை. குனிந்து, டேங்க்கின் காலருகே கிடந்த கந்தலை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சுத்தமா காலி சார்!" என்றாள் உரக்க. "அண்ணா, ஆரம்பி. சார், ரெண்டு பேரும் கிட்ட வந்து நில்லுங்க. அப்புறம் வெல்டிங் சரியில்லைன்னு அவனைத் திட்டக் கூடாது."

"உனக்கு எத்தனை வாய்டி!" முணுமுணுத்தபடி சூப்பர்வைசர் டேங்க்கை ஒட்டி வந்து நின்றார்.

"எனக்கு... ஒரு அவசர போன்..." ஆபீசர் பின்வாங்கினார்.

"போன் அடிக்கவே இல்லையே சார்?"

ஆபீசர் திரும்பினார். நடை... வேக நடை... ஓட்டம்!

எலக்ட்ரோடு தகட்டைத் தொட்டது.

பொறி வரவில்லை!

"என்ன எழவு இது?" அண்ணன் மாஸ்க்கைத் தூக்கினான்.

தங்கை கந்தலைப் பிரித்தாள். உள்ளே, டேங்க்கின் காலிலிருந்து அவள் கழற்றியிருந்த எர்த் கிளாம்ப்! அது இல்லாமல் கரண்ட் ஓடாது, பொறியும் வராது.

"உள்ள இடுப்பளவு கெமிக்கல் இருக்கு. காலி டேங்க்கைப் பார்த்து யாராவது இப்படி ஓடுவாங்களா? பிடிங்க அந்த ஆளை!"

கேட்டில் ஆட்கள் ஆபீசரை அமுக்கினார்கள். வெள்ளை ஹெல்மெட் மண்ணில் உருண்டது.

சூப்பர்வைசர் அடி வால்வை லேசாகத் திருப்பினார். புஸ்ஸென்று கெமிக்கல் பீறிட்டது. மூடிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஆளை நம்பித்தானேம்மா நானும் நின்னேன்... தெரிஞ்சும் என்னை ஏன் இவ்வளவு கிட்ட நிக்க வெச்சே?"

அவள் புரோபைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க சார். எனக்கு முதல் சந்தேகமே உங்க மேலதான்!"